துணிக்கொடி இருக்கும் பக்கம்

அன்புள்ள அத்தை,

புத்தகம் வந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் பழுப்பு உறைக்குள் கிடந்தது. அம்மா அதைத் தொடக்கூட இல்லை. நானே பிரிக்கட்டும் என்று விட்டுவைத்தாளாம். உறையைக் கிழித்ததும் புது மை வாசனை குப்பென்று வந்தது. கடையில் வாங்கினாலும் நூலகத்தில் எடுத்தாலும் புத்தகத்தை நடுவில் விரித்து மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டுத்தான் நீங்கள் படிக்கத் தொடங்குவீர்கள். நான் அட்டையை மட்டும் முகர்ந்தேன். நடுவில் விரிக்கத் தைரியம் வரவில்லை. நடுப்பக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும்.

அட்டையில் உங்கள் பனிக்காட்டுப் படம் இருக்கிறது. வெள்ளைச் சாயம் பூசிய டாங்கிகள், தூரத்தில் கருகிய பிர்ச் மரங்கள். அச்சில் நீலம் கொஞ்சம் கூடிவிட்டது, நீங்கள் இருந்திருந்தால் உதட்டைப் பிதுக்கியிருப்பீர்கள். மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. உள்ளே முதல் தாளில் படங்கள் என்று போட்டு உங்கள் பெயரை மராத்தியில் அச்சடித்திருக்கிறார்கள். அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன். இப்போது நிக்டியில் நம் வீட்டின் பால்கனியில், உங்கள் வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கைக்கண்ணாடி பக்கத்தில் இருக்கிறது. எழுதி முடித்ததும் விரித்துப் பார்ப்பேன்.

இந்த வேலை வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் அதுவரை லக்ஷ்மி ரோட்டுச் சீருடைக் கடைக்கு விளம்பரப் புத்தகம் வரைந்துகொண்டிருந்தீர்கள். எத்தனை பள்ளிகளின் பாவாடை, சட்டை, டை, சாக்ஸ். அந்தப் படங்களைப் பார்த்த பதிப்பகத்தார், ஐரோப்பாவில் நடந்த தரைப்போர்களைப் பற்றி மாணவர்களுக்காக ஒரு மராத்திப் புத்தகம் போடுகிறோம், படம் வரைந்து தர முடியுமா என்று கேட்டார்கள். சாப்பிடும்போது நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். "நான் பாவாடை மடிப்பு வரையறவ. என்னையப் போயி டாங்கி வரையச் சொல்றாங்க." அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், வீட்டிலேயே ஒரு டாங்கிக்காரி இருக்கிறாளே, அவளைக் கேள் என்றார். நான்தான் அந்த டாங்கிக்காரி. பள்ளி நூலகத்தில் யாரும் எடுக்காத அலமாரியில் இருந்த போர் வரலாற்றுப் புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படித்து, சோற்றுப் பருக்கையை வைத்துப் படை நிறுத்தி விளக்கிக்கொண்டிருந்த காலம் அது.

அப்படித்தான் நம் வேலைமுறை உண்டானது. உங்களுக்கு மராத்தி நன்றாகப் பேச வரும், படிக்க நேரமாகும். அதனால் சனி, ஞாயிறு காலையில் நான் முக்காலியில் உட்கார்ந்து அத்தியாயத்தைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்டுக்கொண்டே பென்சிலால் கோடு இழுப்பீர்கள். என் தமிழ் அந்தப் பால்கனியில்தான் ஓடப் பழகியது. நான் "பக்கவாட்டில் தாக்கினார்கள்" என்றால், "எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துல, அங்க மரம் இருந்துச்சா, வயலா?" என்று கேட்பீர்கள். புத்தகத்தில் இருக்காது. நான் வேறு புத்தகம் தேடுவேன். டாங்கிக்கு மராத்தியில் ரணகாடா என்று சொன்ன அன்று நீங்கள் பென்சிலை வைத்துவிட்டீர்கள். அவர்களுக்கு ரணம் என்றால் போர், நமக்குப் புண் என்று நான் விளக்கினேன். "ரெண்டும் ஒண்ணுதான கண்ணு" என்று சொல்லிவிட்டு மறுபடி வரையத் தொடங்கினீர்கள்.

போர் உங்களுக்குப் பிடிக்கவே இல்லை. எனக்கு அது கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. எந்த டாங்கிக்கு எத்தனை அங்குலக் கவசம், எது எந்த ஆற்றைக் கடந்தது என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். நீங்கள் அவற்றுக்கு மிருகப் பெயர் வைப்பீர்கள். உயரமாக, கழுத்து நீண்டது கொக்கு. தாழ்வாகப் பதுங்கியிருப்பது பெருச்சாளி. நீளமாக, மெதுவாக, உடம்பைச் சுற்றி முழுக்கச் சங்கிலிப்பட்டையோடு எந்த மேட்டிலும் ஏறிவிடும் பிரிட்டிஷ் டாங்கி எருமை. பெயரெல்லாம் தப்பு என்று நான் சண்டை போட்டேன். ஆனால் அடுத்த வாரமே நானும் எருமை என்றுதான் சொன்னேன்.

நடுப்பக்கப் படம் எருமைகளுடையது. இத்தாலியில் ஒரு மலைச்சரிவு, கோடைக்காலம், தூசி. இரண்டு பக்கமும் நிறைய எருமைகள் ஏறி வருகின்றன. முன்னால் வருவது நம்மைப் பார்த்து நேராக வருகிறது. அதன் முகத்தில் ஓட்டுநரின் ஜன்னலும் இயந்திரத் துப்பாக்கியும். பக்கத்தில் சிப்பாய்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருந்தன. ஆனால் இடது ஓரத்தில், பாதி இடிந்த ஒரு வீட்டுச் சுவருக்கும் அத்திமரத்துக்கும் நடுவில் துணிக்கொடி ஒன்று கட்டி, அதில் துணி காயப்போட்டிருந்தீர்கள். ஒரு போர்வை, ஒரு பாவாடை, ஒரு குழந்தைச் சட்டை.

இப்படி ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆதாரம் இல்லாததை வரையக்கூடாது என்று நான் வாதாடினேன். நீங்கள் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டுக்கொண்டீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"துணி காயப்போட்டவ ஒருத்தி இருந்திருப்பா இல்ல? எடுக்கறதுக்குள்ள ஓட வேண்டியதாப் போயிருக்கும். அவ இல்லீன்னா இது வெறும் இரும்புக்கடை."

அதற்கு ஆதாரம் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தைக் கொடுத்த பிறகுதான் நீங்கள் மருத்துவமனையில் படுத்தீர்கள். பெரிய வைத்தியம் ஒன்றும் மீதமில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை, ஆனால் அம்மா உங்கள் தூரிகைகளைக் கழுவி நிறுத்திவைத்த விதத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பதிப்பாசிரியர் தொலைபேசியில் பேசினார். மிகவும் தயங்கித் தயங்கிப் பேசினார். புத்தகத்தைச் சரிபார்த்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி நடுப்படத்தில் ஒரு பிழை கண்டிருக்கிறாராம். முன்னால் வரும் டாங்கியில் ஓட்டுநர் ஜன்னல் தவறான பக்கம் இருக்கிறதாம், இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கி இருக்கிறதாம். ஒரு பழைய பத்திரிகையில் வந்த புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார். அதில் உண்மையாகவே ஜன்னல் மறுபக்கம்தான் இருந்தது. நீங்கள் சிரமப்பட வேண்டாம், கணினியில் முழுப்படத்தையும் இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டால் ஜன்னல் சரியாகிவிடும், ஒரு நொடி வேலை என்று பதிப்பாசிரியர் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

நீங்கள் என்னிடம் படத்தின் நகலையும் உங்கள் கைக்கண்ணாடியையும் கேட்டீர்கள். எந்தப் படத்தை முடித்தாலும் கண்ணாடியில் திருப்பிப் பார்த்துத்தான் கொடுப்பீர்கள். நேராகப் பார்த்தால் கண் பழகிவிடும், திருப்பிப் பார்த்தால்தான் கோணல் தெரியும் என்பீர்கள். அன்று நான் நகலைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் கட்டிலில் சாய்ந்தபடி கண்ணாடியில் பார்த்தீர்கள்.

"எல்லாரும் இடங்கையாயிட்டாங்க பாரு" என்றீர்கள். "ஒரு படையில ஒருத்தங்கூட சோத்துக்கையில துப்பாக்கி புடிக்கமாட்டானா?"

பிறகு நீங்கள் சிரிக்கவில்லை. துணிக்கொடி கண்ணாடியில் வலது ஓரத்துக்குப் போயிருந்தது. வலது ஓரத்தில்தான் படத்தின் மேல் பாட வரிகள் அடங்கிய எழுத்துப் பெட்டி வைக்கப்போவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். திருப்பினால் அந்த வீடும் கொடியும் பெட்டிக்கு அடியில் போய்விடும். அதை நான்தான் முதலில் கவனித்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் நீங்களே விரலால் அந்த இடத்தை மறைத்துப் பார்த்தீர்கள். விரலுக்கு வெளியே மிச்சம் இருந்தது இரும்புக்கடைதான்.

"திருப்ப வேண்டாம்னு சொல்லிடலாம் அத்தை" என்றேன்.

"ஜன்னல் தப்புன்னா திருப்பித்தான் ஆகோணும். நாளைக்கு உன்னைய மாதிரி ஒருத்தி எடுத்துப் பாப்பா. என்ற பேர்ல பொய்ப் படம் வரக்கூடாது." பிறகு, வேறு யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பது போலக் கேட்டீர்கள். "நீ பாத்துச் சொல்லு கண்ணு. நான் தப்பாப் போட்டுட்டனா?"

எனக்குத் தெரியவில்லை. டாங்கிக்காரி என்று எல்லோரும் சொல்லும் எனக்கு அது தெரியவில்லை. நீங்கள் பார்த்து வரைந்தது நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் இருந்த சின்னப் புகைப்படம். அதில் ஜன்னல் ஒரு பக்கம், அதிகாரி அனுப்பியதில் மறு பக்கம். மற்ற புத்தகங்களில் பக்கவாட்டுப் படங்கள்தான் இருந்தன, இல்லையென்றால் முன்பக்கம் மணல்மூட்டைகளால் மூடியிருந்தது. இணையத்தில் தேடினால் ஒரே படம் இரண்டு விதமாகவும் வந்தது. பழைய படங்களை அச்சிடும்போது தகட்டைத் திருப்பி வைத்துவிடுவது உண்டு என்று ஓரிடத்தில் படித்தேன். ஆனால் எது திருப்பியது? இணையத்தில் எதுவும் கிடைக்கும், நம்பும்படியாக ஏதாவது இருந்தால் சொல் என்றார் பதிப்பாசிரியர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

நகர் என்கிற ஊரில் டாங்கி அருங்காட்சியகம் இருப்பது அப்பாவுக்குத்தான் நினைவு வந்தது. அங்கே எருமை ஒன்று நிற்கிறது என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அப்பாவும் கிளம்பினோம். சாகண் வழியாகச் சிக்ராபூர் போய் நகர் சாலையைப் பிடித்தோம். வாரம் முழுக்க சாகண் தொழிற்சாலைக்குப் போய்வரும் அப்பா, லீவு நாளிலும் இந்த ரோடு என்னை விடாது என்று அலுத்துக்கொண்டார். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் மடியில் இரண்டு புகைப்படங்களையும் வைத்துக்கொண்டு, நீங்கள் வரைந்தது சரியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். யாரிடம் வேண்டினேன் என்று தெரியவில்லை. ஒரு டாங்கிக்காக வேண்டிக்கொள்வது வினோதமாக இருந்தது.

எருமை புல்வெளியில் நின்றது, மழையில் நனைந்து. நான் நினைத்ததைவிட மிகப் பெரியது. முன்னால் போக எனக்குப் பயமாக இருந்தது. முதலில் பின்பக்கம் போய், சக்கரங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் முன்னால் வந்தேன். வந்து நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு இடப்பக்கம் ஜன்னல். வலப்பக்கம் துப்பாக்கி. நீங்கள் வரைந்தது போலவே.

ஆனாலும் என் கண்ணை நான் நம்பவில்லை. இத்தனை நாள் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எனக்கு இடம் வலமே குழம்பிப்போயிருந்தது. அப்பாதான் டாங்கிக்கு முதுகைக் காட்டி நின்று, ஸ்டியரிங் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டினார்.

"இப்ப நாந்தான் டிரைவர். என்ற எந்தக் கைப்பக்கம் ஜன்னல் இருக்குது?"

"வலது கைப்பக்கம்."

"நம்மூரு காராட்டவே. எக்ஸ்போர்ட் வண்டின்னா இந்தப் பக்கம் வந்திருக்கும்" என்று இடது கையை ஆட்டிக் காட்டினார். தொழிற்சாலையில் இரண்டு விதமும் அவர் கை வழியாகத்தான் போகிறது. "தங்கச்சிப் புள்ளை சரியாத்தான் போட்டிருக்குது."

அங்கிருந்த காவலாளி வந்து, என்ன செய்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். ஓட்டுநர் எந்தப் பக்கம் உட்காருவார் என்று பார்க்கிறோம் என்றார் அப்பா. இத்தனை வருஷமாக இது நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை, சாவி கேட்டுவிடாதீர்கள் என்று அவர் சொல்ல, அப்பா சிரித்தார். நீங்கள் மருத்துவமனைக்குப் போனபின் அப்பா சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் மருத்துவமனைக்கு உங்களிடம்தான் வந்தோம். கணபதி பண்டிகைக்கு முன்னால் இல்லையா, தெருவில் டோல் மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தட்டுமா என்று அம்மா கேட்டதற்கு, இருக்கட்டும் என்று கையசைத்திருந்தீர்கள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து செல்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். நீங்கள் அதை ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பெரிதாக்கச் சொன்னீர்கள். பிறகு அந்த அதிகாரி அனுப்பிய படத்தைக் கேட்டீர்கள், கண்ணாடியையும். ஒரு தடவை கண்ணாடியில், ஒரு தடவை நேரில். திடீரென்று உங்கள் தோள் குலுங்கியது. வலிக்கிறதோ என்று அம்மா பதறி எழுந்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

"இவனப் பாரு" என்று டாங்கிக்குப் பக்கத்தில் நின்ற சிப்பாயைக் காட்டினீர்கள். "பொம்பளைச் சட்டை போட்டிருக்கறான்."

குனிந்து பார்த்தேன். அவன் சட்டை, பெண்கள் சட்டை மூடுகிற பக்கமாக மூடியிருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஆண்கள் சட்டையாகிவிட்டது. திருப்பி அச்சிட்டது அந்தப் புகைப்படத்தைத்தான்.

"இத்தன வருசம் பையன் சட்டை, புள்ளை சட்டைன்னு பட்டன் மாத்தி மாத்தி வரைஞ்சவ நான். பயத்துல பட்டனப் பாக்கலியே" என்றீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் முன்பு போலவே இருந்தது, வேலை முடித்துத் தூரிகை அலசும்போது இருக்குமே, அப்படி. பிறகு நன்றாகத் தூங்கினீர்கள். டோல் சத்தத்திலேயே தூங்கினீர்கள்.

அன்றே பதிப்பாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அந்த அதிகாரி எனக்கே செய்தி அனுப்பினார். தான் ஓட்டியதெல்லாம் பிற்காலத்து டாங்கிகள், இதில் உட்கார்ந்ததில்லை, அந்தச் சட்டையை இனி மறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். ஆனால் பதிப்பாசிரியரிடமிருந்து வந்த பதில்தான் என்னை விடவில்லை. படத்தை ஏற்கெனவே திருப்பிப் பக்கம் அமைத்து அச்சகத்துக்கு அனுப்பியாகிவிட்டது, நிறுத்த முடியுமா என்று பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அதை உங்களிடம் நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. வரைந்தது சரி என்று தெரிந்தது உங்களுக்குப் போதுமாக இருந்தது போலிருக்கிறது. பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜனம் முடிந்த வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு பதிப்பகத்தைக் கேட்டுப் பார்க்கலாமா என்று அப்பாவிடம் பலமுறை கேட்டேன். ஆள் போன வீட்டிலிருந்து படத்தைப் பற்றி விசாரித்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், வருகிறபோது வரட்டும் என்றார். நான் காத்திருந்தேன். வகுப்பில் பாடம் நடக்கும்போதுகூட, எழுத்துப் பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்ட அந்தக் குழந்தைச் சட்டை நினைவுக்கு வரும்.

இதோ, இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு விரித்தேன்.

நடுவில், அத்தை. உங்கள் பழக்கப்படி முதலில் முகர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டுதான். பிறகு இடது ஓரத்தைப் பார்த்தேன்.

கொடி இருக்கிறது. இடது ஓரத்தில், சுவருக்கும் அத்திமரத்துக்கும் நடுவில், நீங்கள் கட்டின இடத்திலேயே இருக்கிறது. போர்வை, பாவாடை, குழந்தைச் சட்டை மூன்றும் இருக்கின்றன. எழுத்துப் பெட்டி வலப்பக்கம் வெறும் தூசிமேல் உட்கார்ந்திருக்கிறது. எருமையின் ஜன்னல் இருக்க வேண்டிய பக்கம் இருக்கிறது. படத்துக்கு அடியில் டாங்கியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, வீட்டை விட்டு ஓட நேர்ந்தவர்களின் துணிகள் இன்னும் கொடியில் காய்கின்றன என்று பதிப்பாசிரியர் தானாகவே இன்னொரு வரி சேர்த்திருக்கிறார். அதற்கு ஆதாரம் எதுவும் கொடுக்கவில்லை.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அன்று நகர் ஊரிலிருந்து திரும்பும்போது அப்பா ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, சீட்டில் சாய்ந்து மூச்சுவிட்டார். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, என்ற பச்சைப் பாவாடை" என்றாள். இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. நம் பால்கனிக் கொடியைப் பார்த்துத்தான் இத்தாலிக் கொடியை வரைந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் குழந்தைச் சட்டை யாருடையது என்று நான் அம்மாவைக் கேட்கவில்லை. அதன் கழுத்தில் இருக்கும் மஞ்சள் தையலை என் சின்ன வயதுப் புகைப்படங்களில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கண்ணாடியை இனி நான் வைத்துக்கொள்கிறேன், என் ஜாமெட்ரிப் பெட்டிக்குள் சரியாக அடங்குகிறது. நான் இன்னும் போர்களைப் படிக்கிறேன். ஆனால் வரைபடத்தில் அம்புக்குறி போகிற வழியில் சின்னதாக ஓர் ஊர்ப்பெயர் இருந்தால், அங்கே அன்று யார் துணி காயப்போட்டிருப்பார்கள் என்று பார்க்காமல் பக்கத்தைத் திருப்ப முடிவதில்லை.

இப்போது கடைசியாக ஒரு தடவை நடுப்பக்கத்துக்கு நேராக உங்கள் கண்ணாடியைப் பிடித்தேன். எல்லோரும் இடங்கையானார்கள். சிப்பாய்கள் பொம்பளைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். கொடி வலப்பக்கம் போனது. கண்ணாடியை எடுத்தேன். எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன.

உங்கள்
டாங்கிக்காரி